அரைப்பேர் கிடையாது

ஹட்டனில் மழை நாலு மணிக்கே விளக்குப் போடவைத்தது.
பாமசியில் ஷட்டர் இறங்கும்வரை
இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மாடியேறினேன்.
போன் திருத்தும் கடை. பின்னால் ஒரு மேசை.
அதில் நிஸ்தாரின் பழைய லாப்டாப்.
அரைப்புள்ளிச் சாவி கழன்றுபோய்
ரப்பர் முளை மட்டும் மிச்சம்.
நகத்தால் அழுத்தணும்.

முதல் நிரல் உலகத்துக்கு வணக்கம் சொல்லுமாம்,
எங்கேயும் அதுதான் வழக்கமாம்.
உலகத்தோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.
என் பேரைப் போட்டேன்.

எங்கள் பக்கம் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.
சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று
அம்மாவிடம் தராசு சொன்னதில்லை.

கொம்பைலர் என்றால் என்ன என்று கேட்டேன்.
கொழுந்து உள்ளே போகும், தூளாய் வெளியே வரும்,
அந்த மாதிரி என்றான் நிஸ்தார்.
நான் கொழுந்தெடுத்ததே இல்லை, நிஸ்தார்.
சரி, ஒரு வரி வாசித்து ஒரு வரி செய்கிற ஆளில்லை இது.
கடிதத்தை முழுக்க வாசிக்கும்.
ஒரு பிழை இருந்தாலும் அப்படியே திருப்பித் தரும்.
அது புரிந்தது.
பிரதேச செயலகத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

எட்டு வரி. எண்டர்.
ஆறாம் வரியில் பிழை என்றது.
ஆறை எழுத்தெழுத்தாய்த் தடவிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
கீழே மஸ்கெலியா பஸ் ஹோர்ன் அடித்துப் போனது,
கடைசிக்கு முந்தியது.
பிறகுதான் கண்ணில் பட்டது:
ஐந்தின் முடிவில் அரைப்புள்ளி விழவில்லை.
விட்ட இடத்தில் அதற்குத் தெரிவதில்லை,
அடுத்த வரியில் கால் வைத்த பிறகுதான்
தடுக்குகிறது.

ஆனாலும் சொல்கிறதே.
வரிக்கு எண் போட்டு, கீழே ஒரு சின்னக் கூர்க்குறி வைத்து,
இங்கே இது இருக்கவேண்டும், இல்லை என்று
சொல்கிறதே.
அதைக் கேட்பதற்காகவே இன்னொரு பிழை விடத் தோன்றியது.
விட்டேன். ஒரு அடைப்பை வேண்டுமென்றே மூடாமல்.
மூன்று பிழை சொன்னது.

எல்லாம் திருத்தி, நகத்தால் முளையை அழுத்தி,
மறுபடி எண்டர்.
இந்தத் தடவை மூச்சில்லை.
திரை சும்மா அடுத்த வரிக்கு நகர்ந்தது.
பயந்துபோனேன்.
"ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு அர்த்தம்" என்றான்
யாரோ ஒருவரின் போனைப் பிரித்துக்கொண்டே.
கோப்புறையில் புதிதாய் ஒரு கோப்பு.
நான் எழுதாதது.
நான் எழுதியதால் வந்தது.

ஓட்டினேன்.
தொப்பி போட்ட அந்நிய எழுத்துகள், கோடுகள், பெட்டிகள்,
எண்ணினேன், இருபத்துநான்கு.
அவற்றில் எங்கேயோ தேன்மொழி.

சிரித்துவிட்டேன். அடையாள அட்டையிலும் நான் தென்மொலி.
பதிவாளருக்கு ழ கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும் அவருடைய எழுத்தில் அதற்கு இடமில்லை.
திருத்தச் சொல்லி மூன்று விண்ணப்பம் போயிருக்கிறது,
மூன்றும் அங்கேயே இருக்கின்றன.
இங்கே திருத்துவதற்கு நிஸ்தார் ஒரு இலக்கம் சொன்னான்:
அறுபத்தையாயிரத்து ஒன்று.
ஏன் அது?
தெரியாது, போடு.

போட்டேன்.
பற்றரி ஒன்பது வீதம்.
மொ-வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் ம
யாருடைய வீட்டுக்கோ வந்ததுபோல நின்றது.
ஆனால் ழ வந்திருந்தது.
ழவேதான்.
நாக்கை மடித்து ஒருதரம் சொல்லிப் பார்த்தேன், மெதுவாக.
நிஸ்தார் நிமிர்ந்து பார்த்துவிட்டு
ஸ்க்ரூ தேடினான்.

கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன்.
கண்ணாடியில் ஈரம், அதில் யாரோ விரலால் கிழித்த கோடு.
நூறு ரூபா நோட்டை வாங்கிய கண்டக்டர்
மிச்சக் காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
இங்கே அதற்கு
வேறு அர்த்தம்.